தலைமடையில் ஒருவர் நிற்க வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இந்த வருஷம் தொழில் விஷயம் வேண்டாம். ஊருக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்க" என்றார். நான் சிவில் பொறியாளன். மதகு, ஷட்டர், தடுப்பணை என்று பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ சிறையிலோ மாட்டிக்கொண்டால் அவருக்கு என்ன நடக்கிறது? அவருக்கு யார் துணை? இதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. மனநோய் யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், மருத்துவம் உண்டு. அறிவுசார் குறைபாடு சிறு வயதிலிருந்தே கூட வருவது. முன்பு 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான். கற்பது, கணக்குப் போடுவது, பின்விளைவை யோசிப்பது, பேச்சின் உள்ளர்த்தத்தைப் பிடிப்பது எல்லாம் இவர்களுக்குக் கடினம். மாத்திரை கொடுத்து மாற்ற முடியாது; பயிற்சியும் துணையும் இருந்தால் நன்றாக வாழ முடியும். தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முதுமை மறதி உள்ள பெரியவர்கள் ஆகியோருக்கும் இதே மாதிரியான சிரமங்கள் வருவதுண்டு. ஆக, இது யாரோ நாலு பேர் விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஒவ்வொருவர் தெருவிலும் ஒருவர் இருக்கிறார்.

இவர்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்தே புரியாத கேள்விகளுக்கு நடுவே வளர்கிறார்கள். 'புரியவில்லை' என்று சொன்னால் கேலியும் கிண்டலும் கிடைக்கிறது. 'ஆமாம்' என்றால் எதிரில் இருப்பவர் சிரிக்கிறார், கேள்வி முடிந்துபோகிறது. இதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாதுகாப்பு. வீட்டிலும் கடைத்தெருவிலும் இந்த 'ஆமாம்' யாருக்கும் கெடுதல் செய்யாது. காவல் நிலையத்தில் செய்யும்.

என் சித்தப்பா மகனுக்கு இந்தக் குறைபாடு உண்டு. ஆறேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு பம்புசெட் மோட்டாரிலிருந்து காப்பர் ஒயர் திருடு போன விஷயமாக அவனை ஒரு காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். ஊர் எது, நிலையம் எது என்பது இங்கே முக்கியமில்லை.

"நீதானேடா எடுத்தே?"

"ஆமா சார்."

"எங்கே வச்சிருக்கே?"

"அங்க."

இது போதாதா? எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வயதான ஏட்டு ஒருவர் உள்ளே வந்தார். பையனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, நீ எடுக்கலைதானே?" என்று கேட்டார். அதற்கும் "ஆமா சார்." "நேத்து மழை பெஞ்சுதா?" "ஆமா சார்." முந்தின நாள் மழையே இல்லை! ஏட்டு பேனாவை வாங்கி வைத்துவிட்டு, "அவங்க வீட்ல யாரு இருக்கா, வரச் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரத்தில் சித்தப்பா அடையாள அட்டையோடு ஓடினார். பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த ஏட்டு எந்தச் சட்டப் பிரிவையும் பார்த்துச் செய்யவில்லை. தன் அனுபவத்தால் செய்தார். அன்றைக்கு அவருக்கு வேறு இடத்தில் டியூட்டி என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தபோது மனத்தை மிகவும் பாதித்தது நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழரின் வழக்கு. மலேசியாவும் சிங்கப்பூரும் நம்ம நாகைக்கு அந்நியமான ஊர்கள் இல்லை. நம் துறைமுகத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எத்தனை பேர்! அக்கரையில் பேரன் பேத்தி இருக்கிற குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும்.

நாகேந்திரன் ஈப்போவைச் சேர்ந்தவர். 2009 ஏப்ரல் 22 அன்று, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகச் சிங்கப்பூருக்குள் நுழையும்போது பிடிபட்டார். அப்போது வயது 20. தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. அந்த நாட்டுச் சட்டப்படி 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2010 நவம்பரில் தண்டனை விதிக்கப்பட்டது. 2011-ல் மேல்முறையீடு தள்ளுபடியானது.

2013 ஜனவரி முதல் அங்கே சட்டம் கொஞ்சம் தளர்ந்தது. வெறும் கூரியராக இருந்து, மனநிலைக் குறைபாட்டால் தன் செயலுக்கான பொறுப்பு கணிசமாகக் குறைந்திருந்தால், மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை என்று வழி திறந்தது. அவரைப் பரிசோதித்ததில் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., 69 என்று வந்தது. சராசரி 100, ஏறத்தாழ 70-க்குக் கீழே என்பது குறைபாட்டின் ஓர் அடையாளம். ஆனால் 2017-ல் உயர் நீதிமன்றமும் 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருடைய மனுவை ஏற்கவில்லை. அவருக்கு இருப்பது அறிவுசார் குறைபாடு அல்ல, எல்லைக்கோட்டில் உள்ள நுண்ணறிவு. செய்வது தவறு என்று தெரிந்தே செய்தார். ஆகவே விலக்கு இல்லை என்று தீர்ப்பு. 2021 நவம்பர் 10 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் அவருக்குக் கொரோனா இருப்பது தெரிந்து நிறுத்தி வைத்தார்கள். ஐ.நா. வல்லுநர்கள், ஐரோப்பிய ஒன்றியம், மலேசியப் பிரதமர் என்று பல பக்கமிருந்தும் கோரிக்கைகள் போயின. 2022 ஏப்ரல் 26 அன்று தாயார் கொடுத்த கடைசி மனுவும் தள்ளுபடி. மறுநாள், ஏப்ரல் 27, விடியற்காலையில் தூக்கு நிறைவேறியது. வயது 33.

போதை மருந்து கடத்தல் சின்னக் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. பொட்டலம் அவர் உடம்பில்தான் இருந்தது. நீதிமன்றங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வருஷக்கணக்கில் மனுக்கள் நடந்தன. நான் கவனித்தது வேறு ஒன்று. பிடிபட்ட அன்று அவர் நடந்துகொண்ட விதம், தொடக்கத்தில் கொடுத்த வாக்குமூலம் இவையெல்லாம் தீர்ப்பில் முக்கிய இடம் பெற்றன. தன் படிப்பைப் பற்றி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார் என்பதும் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒரே கேள்விக்கு மூன்று பதில் வருவது எவ்வளவு சகஜம் என்று நமக்குத் தெரியும். அதே முரண்பாட்டை ஒருவர் பொய் என்று படிக்கலாம். இன்னொருவர் குறைபாடு என்று படிக்கலாம். பல வருஷம் கழித்து எது சரி என்று யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்?

இங்கேதான் என் தொழில் உதவிக்கு வருகிறது. நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரைத் திறந்து, கல்லணையைத் தாண்டி, வெண்ணாறு வழியாகத் தண்ணீர் கடுவையாற்றுக்கு வந்து சேர்வதற்குள் நாம் படுகிற பாடு நமக்குத்தான் தெரியும். தலைமடையில் ஷட்டரைத் தப்பாக வைத்துவிட்டால் கடைமடையில் எத்தனை கெட்டிக்காரப் பொறியாளர் இருந்தாலும் பிரயோஜனமில்லை. வராத தண்ணீரை அவர் எப்படிப் பாய்ச்சுவார்? வழக்கும் அப்படித்தான். காவல் நிலையத்தின் முதல் சில மணி நேரம்தான் தலைமடை. உச்ச நீதிமன்றம் கடைமடை. தலைமடையில் பதிவானதை வைத்துக்கொண்டுதான் மேலே உள்ள அத்தனை நீதிபதிகளும் எடை போட வேண்டியிருக்கிறது. ஆகவே உதவி தேவைப்படுவது தலைமடையில்.

இந்த உண்மையை இங்கிலாந்து ஒரு கசப்பான அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டது. 1972 ஏப்ரலில் லண்டனில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கொலையானார். மூன்று பையன்களைப் பிடித்தார்கள். மூத்தவனுக்கு வயது 18. ஆனால் மனவயது 8 என்று மதிப்பிடப்பட்டவன். மற்ற இருவருக்கும் 15, 14. பெற்றோரோ காப்பாளரோ பக்கத்தில் இல்லாமல் கேள்வி கேட்டு, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். தண்டனையும் ஆயிற்று. 1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. வாக்குமூலத்தில் சொன்ன நேரத்துக்கும் இறந்த நேரம் பற்றிய மருத்துவச் சாட்சியத்துக்கும் பொருந்தவே இல்லை. பிறகு விசாரணைக் குழு, 1977-ல் அதன் அறிக்கை, அதற்குப் பின் அரச ஆணையம் என்று போய், 1984-ல் காவல்துறை மற்றும் குற்றச் சாட்சியச் சட்டம் வந்தது. அதன் நடைமுறை விதிகளின்படி, சிறுவரையோ மனத்தளவில் பலவீனமானவரையோ விசாரிக்கும்போது 'உரிய பெரியவர்' ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர் வக்கீல் அல்ல, போலீஸ்காரரும் அல்ல. கேள்வி புரிகிறதா, பதில் சரியாகப் போய்ச் சேர்கிறதா, விசாரணை நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை.

சிங்கப்பூரும் இதே மாதிரி ஏற்பாட்டை 2013-ல் சோதனை முறையில் தொடங்கிப் பிறகு விரிவுபடுத்தியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். நாகேந்திரன் பிடிபட்டது 2009-ல். நான்கு வருஷம்! பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முதல் வாக்குமூலத்தைப் பற்றி இவ்வளவு சந்தேகம் மிஞ்சியிருக்காது.

சரி, நம் நாட்டுக் கதை என்ன? அசாமில் மச்சல் லாலுங் என்று ஒருவர். 1951-ல் கைது செய்யப்பட்டு, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் நலமாக இருக்கிறார் என்று மருத்துவமனை சொன்ன பிறகும் வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினார்கள். விசாரணை நடக்கவே இல்லை. 2005-ல் மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 1 ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். 54 ஆண்டுகள்! நம்மில் பலருடைய மொத்த வயதே அவ்வளவு ஆகவில்லை. யாரும் அவரைச் சித்திரவதை செய்யத் திட்டம் போடவில்லை. 'இவர் வழக்கு என்ன ஆச்சு?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சட்டங்கள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 12-ஆம் பிரிவில், நீதிமன்றங்களையும் விசாரணை அமைப்புகளையும் பாகுபாடு இன்றி அணுகும் உரிமையைத் தருகிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் தடையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, விவரம் தெரிந்த சாட்சி என்ற முறையில் மன அல்லது உடல் குறைபாடு உள்ளவரை விசாரிக்க வேண்டுமானால் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் இத்தகைய குறைபாடு உள்ளவராக இருந்தால், அவர் புகாரைச் சிறப்பு ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பதிவு செய்து, வீடியோவும் எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு.

ஆனால் ஒரு இடைவெளி இருக்கிறது. அதே குறைபாடு உள்ளவர் மீது குற்றம் சாட்டப்பட்டால்? விசாரணை அறையில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் பிரிவு இல்லை. வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் அவர் கூட இருக்க முடியாது. உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் பையனுக்கு அப்பாவின் போன் நம்பர் ஞாபகம் இருக்க வேண்டுமே! காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பது நமக்குள்ள பெரிய பாதுகாப்பு. அது உண்மைதான். ஆனாலும் அந்த ஒப்புதலை வைத்துத்தான் கைது, ரிமாண்டு, சிறை எல்லாம் தொடங்கிவிடுகிறது. கடைசியில் விடுதலை வரலாம். அதற்குள் அந்தப் பிள்ளை சிறையில் என்னவெல்லாம் பட்டிருக்கும்?

'குற்றவாளிக்கு வக்காலத்தா?' என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கான்ஃபெய்ட் வழக்கில் மூன்று பையன்களுக்குத் தண்டனை கிடைத்தபோது உண்மையான கொலையாளி பிடிபடாமல் இருந்தான். காப்பர் ஒயர் விஷயத்திலும், என் சித்தப்பா மகனை உள்ளே வைத்திருந்தால் திருடன் அடுத்த மோட்டாருக்குப் போயிருப்பான். தப்பான ஆள் ஒப்புக்கொள்வதால் போலீஸுக்கும் நஷ்டம், பறிகொடுத்தவருக்கும் நஷ்டம். உண்மையிலேயே தவறு செய்தவராக இருந்தாலும், எதற்காகத் தண்டனை என்று அவருக்குப் புரிய வேண்டாமா? புரியாத தண்டனை யாரைத் திருத்தும்?

நாம் என்ன செய்யலாம்? மூன்று விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிடுங்கள். அதன் நகலும், வீட்டார் இருவரின் போன் நம்பரும் எழுதிய தாளும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். "எங்க அப்பாவைக் கூப்பிடுங்க, அப்புறம் சொல்றேன்" என்ற ஒரே வாக்கியத்தைத் தினமும் சொல்லிப் பழக்குங்கள். இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது, நம் சங்கத்துக்கு. நம்மில் ஆசிரியர் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தன்னார்வலர்களுக்கு இடம் உண்டு. நம் சங்கத்திலிருந்து பத்துப் பேர் பெயர் கொடுப்போம். சிறப்புப் பள்ளி ஆசிரியர்களிடம் பயிற்சி எடுத்துக்கொள்வோம். பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை: சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும், ஆமாம்-இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிர்க்க வேண்டும், 'நான் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு பார்ப்போம்' என்று கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். காவல்துறை அதிகாரிகளை முறையாகச் சந்தித்து இதைச் சொன்னால் மறுக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அவர்களுக்கும் இது உதவிதானே.

மூன்றாவது, தம்பி தங்கைகளுக்கு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு மாற்றுத்திறனாளி வழக்கறிஞரின் வழக்கில், சிறைக்கு வருபவர்களில் மாற்றுத்திறனாளிகளை ஆரம்பத்திலேயே கண்டறிய வேண்டும், விதிமுறைகளையும் தகவல்களையும் அவர்களுக்குப் புரியும் வடிவத்தில் தர வேண்டும் என்று நம் மாநிலச் சிறைகளுக்கு உத்தரவிட்டது. 'புரியும் வடிவம்' என்றால் என்ன? கைதானவரின் உரிமைகளை ஆறு படங்களில், எளிய தமிழில், ஒரே தாளில் வரைய முடியுமா? ஐ.க்யூ. 69 உள்ளவருக்கும் எட்டுகிற மாதிரி? இதை ஒரு புராஜெக்டாக எடுத்துச் செய்து பாருங்கள். வரைந்ததை ஒரு சிறப்புப் பள்ளிக்கு எடுத்துப்போய், அங்குள்ள பெரிய பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் குறை அவர்களிடம் இல்லை, நம் டிசைனில். மாற்றி வரையுங்கள்.

பதிவு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் பத்து வரிசை எண்கள் போட்டிருக்கிறது. முதல் எண்ணுக்கு எதிரே என் பெயர் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை. மீதி ஒன்பது வரியையும் நீங்கள் நிரப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.